டம்ளரில் கிடந்த பட்டை

ஜனவரி 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்கள் கழுத்து வலி எப்படி இருக்கிறது? குனிந்தபடியே வேலை பார்க்க வேண்டாம் என்று உங்கள் அண்ணன் சொல்லச் சொன்னார். அவருக்கு இருமல் இருக்கிறது, ஆனால் முன்னைப் போல் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் பேசலாம்தான். போன தடவை பேசியது எங்கே போய் முடிந்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் காகிதம்.

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிக்குச் சக்கரம் செய்கிற கம்பெனி ஒன்று எங்கள் தொழிற்சாலையிடம் நைலான் குருணை கேட்கிறது. நைலானில் எத்தனை வகை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இங்கே நாங்கள் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். ஆறாம் நம்பர் கெட்டி, ஆனால் தண்ணீரைக் குடித்துக் குடித்து வீங்கிவிடும். பன்னிரண்டாம் நம்பர் தண்ணீரை அவ்வளவாகச் சேர்க்காது, ஆனால் மெத்து. தினமும் கழுவுகிற சக்கரத்துக்கு இரண்டின் குணமும் வேண்டும். அதனால் இரண்டையும் உருக்கிக் கலந்திருக்கிறோம். அந்தக் குருணையை அச்சில் ஊற்றிய பட்டைகள் இத்துடன் வருகின்றன. உடைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் சோதனைக்கூடத்துக் கையெழுத்து இல்லாமல் அந்தக் கம்பெனி எதையும் வாங்காதாம். ஜூலைக்குள் வேண்டும். இது கைவிட்டுப் போனால் நாங்கள் கதவைச் சாத்த வேண்டியதுதான், ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது.

கலவை என் யோசனை. டாக்டர் புகை ஆகாது என்று சொன்னதிலிருந்து உங்கள் அண்ணன் மிஷின் பக்கமே போவதில்லை. இப்போதைக்கு இதற்கு 'மாதிரி ஒன்று' என்றுதான் பெயர். தேறினால் நல்ல பெயராக வைக்கலாம் என்று இருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


ஜனவரி 29

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து வலி அப்படியே இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி. அண்ணனுக்கு வெந்நீர்தான் கொடுக்கிறீர்களா? ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களா? இரண்டையும் நீங்களாகச் செய்வீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் கேட்கிறேன்.

உங்கள் பட்டைகள் வந்தன. ஊசல் சுத்தியலைத் தூக்கி விட்டேன். பிஸ்கட் மாதிரி உடைந்தன. கம்பெனி கேட்கிற பலத்தில் கால் பங்கு கூட இல்லை. உடைந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பன்னிரண்டாம் நம்பர் குட்டிக் குட்டி உருண்டையாக ஆறாம் நம்பருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. பாதி இடத்தில் உருண்டை கழன்று போய் வெறும் குழி. இரண்டும் நைலான், இரண்டும் ஒரே குடும்பம், சரி. ஒரே குடும்பம் என்றால் ஒட்டிவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நம் வீட்டைப் பார்த்துமா அப்படி நினைத்தீர்கள்?

அண்ணி, நீங்கள் கணக்கு எழுத வந்தவர். அதில் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணன் பதினைந்து வருஷம் ரத்தம் சுண்ட உழைத்த இடத்தில் நீங்கள் சமையல் பழக வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு அவரை இங்கே அனுப்புங்கள். என் வீட்டு மாடி அறை காலி. நெஞ்சு ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. இதைத்தான் போனிலும் சொன்னேன், நீங்கள்தான் கத்தினீர்கள்.

உடைந்த துண்டுகளை நெறிப்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணனுக்கு என் அன்பு.


பிப்ரவரி 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் சுகம். வெந்நீர்தான் கொடுக்கிறேன். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. கொசுவும் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறைத்தேன் என்று சொல்வீர்கள்.

நீங்கள் சொன்ன உருண்டை விஷயம் சரி. அதற்கு ஒரு வழி பண்ணியிருக்கிறோம். ஆறும் பன்னிரண்டும் ஒரே சங்கிலியில் கோத்த மூன்றாவது நைலான் ஒன்று கிடைக்கிறது. அதில் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம். ஒரு பக்கம் இதோடு பேசும், ஒரு பக்கம் அதோடு பேசும். உருண்டைகள் பொடிப்பொடியாகிக் கழலாமல் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலையில் அதற்கு 'தரகர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் கல்யாணத்துத் தரகர் மாதிரி இல்லை, இவர் வேலை செய்கிறார்.

பட்டைகள் இத்துடன். மாதிரி இரண்டு. தயவுசெய்து நிதானமாகப் பாருங்கள்.

உங்கள் அண்ணன் பேப்பர் படிக்கிறார், ஜன்னலோரம் உட்கார்கிறார். இருமல் பரவாயில்லை.

அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். கழுத்துக்குப் பட்டை கட்டியிருக்கிறார்கள், அதனால் யாரையும் நிமிர்ந்துதான் பார்க்க முடிகிறது. சிலருக்கு அது பிடிக்காது.

எங்கள் கூடத்துக்குப் புதுச் சூட்டடுப்பு வந்திருக்கிறது. கல்யாணப் பெண் மாதிரி எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறோம். உங்கள் பட்டைகள் சுத்தியலுக்கு வருமுன் அதில் இரண்டு நாள் சுகமாகப் படுத்துத் தூங்கின. அப்புறம் உடைந்தன. தரகர் கொஞ்சம் வேலை செய்திருக்கிறார், மறுக்கவில்லை: உருண்டைகள் சிறுத்திருக்கின்றன, குழிகள் குறைவு. ஆனால் பலம் கம்பெனி கேட்டதில் பாதிக்கும் கீழே. தேறவில்லை.

அண்ணன் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? அவரிடம் என் கடிதத்தைக் காட்டுகிறீர்களா? காட்டுங்கள்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். அவருக்கு இடது பக்கம் படுத்தால்தான் மூச்சு வரும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

உடைந்த துண்டுகள் இத்துடன்.


மார்ச் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கழுத்து சீக்கிரம் சரியாகட்டும், மனசாரச் சொல்கிறேன்.

கடிதத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதிரி அனுப்புகிறேன். தரகரைக் கூட்டி, சூட்டை ஏற்றி, மிஷினுக்குள் கலக்குகிற ஸ்க்ரூவில் அதிக நேரம் சுற்ற விட்டிருக்கிறோம். சூட்டில் நேரம் ஆக ஆக இந்தச் சங்கிலியின் முனை அந்தச் சங்கிலிக்குத் தாவும், அப்படியே தங்களுக்குள் கலந்துவிடும் என்பது கணக்கு. மிஷின் ரொம்பப் புகைந்தது.

நேரமில்லை. ஏப்ரல் முடிவதற்குள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது மாதிரி முன்னதைவிட மோசம். உருகுநிலையை அளந்தேன். முதல் மாதிரியில் ஆறும் பன்னிரண்டும் தனித்தனியாக உருகின, ஒவ்வொன்றுக்கும் தன் சூடு என்று ஒன்று இருந்தது. இப்போது இரண்டும் மங்கி, கீழே இறங்கிவிட்டன. சங்கிலி தாவித் தாவி யார் யார் என்றே தெரியாமல் ஆகிவிட்டது. ஒழுங்காக அடுக்கி நிற்க ஆளில்லை, அதனால் கெட்டித்தன்மையும் போச்சு. முதலில் ஒட்டவே இல்லை, இப்போது குழைந்து கூழாகிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் செய்கிற வேலை இது. என் அண்ணன் கைக்குத் தெரியும். உங்கள் கைக்குத் தெரியவில்லை.

கோபப்படாதீர்கள். நான் பொய் எண் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். போதும் அண்ணி, விட்டுவிடுங்கள். மே கடைசியில் நானே வந்து அண்ணனை அழைத்துக்கொள்கிறேன். பெட்டியை மட்டும் கட்டி வையுங்கள், அதிலாவது தேறுவீர்கள்.

துண்டுகள் இத்துடன்.


மே 26

நாத்தனாருக்கு,

பெட்டி கட்டவில்லை. தேவையில்லை. உங்கள் அண்ணன் இந்த மாதம் ஒன்பதாம் தேதி போய்விட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. போன் பண்ணியிருக்கலாம். உங்கள் நம்பர் அடுப்படிச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. பண்ணவில்லை. இதை நீங்கள் உட்கார்ந்து, என் கடிதத்தில், என் எழுத்தில் படிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கலவை என் யோசனை என்று எழுதினேன் இல்லையா, பொய். முதல் மாதிரியிலிருந்து எல்லாம் அவருடையது. "என் பேர்ல அனுப்பாத. என் பேரைப் பார்த்தா பாப்பா பாசத்துல பாஸ் போட்டுடுவா. அப்புறம் அந்தச் சக்கரம் ஆஸ்பத்திரியில உடையும். உன் பேர்ல அனுப்பு, அவ உன்னைச் சும்மா விடமாட்டா, சரியா பார்ப்பா"ன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உங்களை அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

மிஷின் பக்கம் போவதில்லை என்று எழுதியதும் பொய். அவர் சொல்லச் சொன்ன பொய். ஒவ்வொரு மாதிரிக்கும் அவர்தான் நின்றார். நீங்கள் 'தேறவில்லை' என்று எழுதும்போதெல்லாம் எழுந்து போய் நின்றார். நான் முந்தானையைக் கிழித்து அவர் வாயில் கட்டிவிட்டேன், வேறு என்ன பண்ண? மூன்றாவதுக்குச் சூட்டை ஏற்றினபோது தொழிற்சாலை முழுக்கப் புகை. உங்கள் ஏப்ரல் கடிதம் வந்ததும் நான்காவது தடவை போனார். "ஒரே ஒரு தடவை, நேரத்தைக் குறைச்சுப் பார்க்கிறேன்"னார். அங்கிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

இரண்டாவது மாதிரியில் மீந்த பட்டை ஒன்றை அவர் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். மருந்தைக் கலக்குவதும் அதால்தான். பிப்ரவரியிலிருந்து அது அவர் தண்ணீர் டம்ளரிலேயே கிடந்தது. மே மாதம் அவர் மூச்சுக்குத் தவிக்கிறபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்தச் சனியனால்தானே எல்லாம் என்று அதை எடுத்து முழங்காலில் வைத்து மடக்கினேன். உடையவில்லை. வளைந்தது. வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். சுத்தியல் எகிறியது.

ஓடிப் போய் அவரிடம் காட்டினேன். "இது உடையவே இல்லைங்க, உங்க தங்கச்சி என்னமோ பண்ணியிருக்கா"ன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நைலான் அச்சிலிருந்து வந்ததும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். தண்ணி குடிச்சாத்தான் அதுக்கு உரம் வரும். இது பாப்பாவுக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான். அவ ஊற வச்சுத்தான் உடைச்சிருப்பா. இது ஏதோ ஒண்ணு நல்லா அமைஞ்சிருக்கு. அவ எண் பொய் சொல்லாது. அவளைப் பத்தித் தப்பா பேசாத"ன்னார். என்னைத் திட்டினார். அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அந்தத் திட்டுதான்.

எல்லாம் முடிந்ததும் சக்கரக் கம்பெனி இன்ஜினியரிடம் கேட்டேன். அவர்கள் கேட்ட பலம் தண்ணீரில் ஊறிய பட்டைக்காம். "கழுவுற சக்கரத்தை யாராவது காய வச்சு உடைப்பாங்களாம்மா?" என்று சிரித்தார். உறை பிரிக்காத, ஈரமே படாத பட்டை ஒன்றை உடைத்தேன். ஊறியது ஒன்றை வெட்டி மடக்கிக் கிழித்தேன். காய்ந்தது மழுமழு என்று உடைந்தது, ஊறியது நார் நாராக வெளுத்துக் கிழிந்தது. நீங்கள் நெறிப்படி திருப்பி அனுப்பிய துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மழுமழு.

இரண்டாவது மாதிரியிலேயே அவர் ஜெயித்துவிட்டார். மூன்றாவதும் நான்காவதும் தேவையே இல்லை. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி: 'ஊற வைத்தால் தேறும்.' எண் பொய் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். எண் பொய் இல்லைதான்.

அவர் தோற்றுவிட்டோம் என்று நினைத்துத்தான் போனார்.


ஜூன் 14

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாம் தேதி நான் அவருக்குப் போர்வை வாங்கிக்கொண்டிருந்தேன். நீல நிறம். கடைக்காரரிடம் அண்ணனுக்கு என்று சொல்லிப் பேரம் கூடப் பேசினேன். அன்றைக்கு ஒரு போன், அண்ணி. ஒரு போன். முகத்தையாவது பார்த்திருப்பேனே. பாவி.

ஆமாம், காய வைத்துத்தான் உடைத்தேன். நீங்கள் தோற்றால் கதவு சாத்தும், கதவு சாத்தினால் அண்ணன் என்னிடம் வருவார், இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், பிழைப்பார். அவ்வளவுதான் என் கணக்கு. உங்களை நோகடிப்பதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது. இரண்டும் உண்மை.

ஆனால் நான் மறைக்கவில்லை. மார்ச் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 'சூட்டடுப்பில் இரண்டு நாள் தூங்கின' என்று எழுதினேன். வேண்டுமென்றேதான் எழுதினேன். நைலானைக் காய வைத்து உடைக்கிறாள் என்று அண்ணன் காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் போனை எடுத்து என்னைக் கிழித்திருப்பார். அவர் கலவையா, உங்கள் கலவையா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த வரியைப் போட்டேன். அவரிடமிருந்து சத்தமே இல்லை. அப்போதுதான் முடிவு பண்ணினேன், இது முழுக்க உங்கள் ஆட்டம், அண்ணனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. கடிதத்தைக் காட்டினேன் என்று எழுதினீர்கள். அந்த வரியை அவரிடம் படித்தீர்களா?

அவர் மிஷினில் நிற்கிறார் என்று நீங்களும் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அன்றைக்கே ஊற வைத்துப் போட்டு, அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இரண்டாவது மாதிரியில் என்னிடம் மிஞ்சியிருந்த பட்டைகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஊற விட்டுச் சுத்தியலை விட்டேன். ஒன்றுகூட முறியவில்லை. தேறியது என்று எழுதிய சான்று இத்துடன் இருக்கிறது. ஜூலைக்குள் போய்ச் சேரும்.

அண்ணன் என்னைக் கேட்டாரா?


ஜூலை 2

அம்மையீர்,

தாங்கள் அனுப்பிய சான்று கிடைத்தது. கம்பெனி ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலை ஓடுகிறது.

தாங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில். அந்த வரியை நான் படிக்கவில்லை. அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கத் தெம்பு இல்லை, "எண்ணை மட்டும் படி"ன்னார். அடுப்பு, கல்யாணப் பெண் எல்லாம் உங்கள் வழக்கமான நக்கல் என்று தாண்டிப் போய்விட்டேன். உங்கள் கடிதம் வருமுன்பே, அவர் போன மூன்றாம் நாள், அந்த வரியின் அர்த்தத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். உங்களுக்கு எழுதியபோது வேண்டுமென்றே அதைச் சொல்லவில்லை. கண்டுபிடித்த அன்றிலிருந்து நான் எப்படிச் சாப்பிடுகிறேன், எப்படித் தூங்குகிறேன் என்று நீங்கள் கேட்க வேண்டாம், நானும் உங்களைக் கேட்கப் போவதில்லை.

கேட்டார். உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்று, மிஷினுக்குப் போகுமுன், "பாப்பா எப்ப வர்றா?"ன்னு கேட்டார். மே கடைசியில் என்றேன். "அதுக்குள்ள நாலாவதை அனுப்பிடு, வரும்போது ரிசல்ட்டோட வரட்டும்"ன்னார்.

ஆர்டர் வருஷம் முழுக்க இருக்கிறது. கம்பெனி விதிப்படி ஒவ்வொரு மாதமும் புதுப் பட்டைகள் தங்கள் கூடத்துக்கு வரும். வேறு கூடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார் இன்ஜினியர். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும், அந்த அம்மாவே பார்க்கட்டும் என்றேன். ஊற வைத்துச் சோதிக்கவும்.

இனிமேல் எனக்கு எழுதும்போது அண்ணி என்று போட வேண்டாம். நிறுவனத்தின் முகவரி போதும்.

தேறினால் வைக்க வேண்டிய பெயரை அவர் முதல் மாதிரியின்போதே சொல்லி வைத்திருந்தார். அதையே பதிவு செய்திருக்கிறேன். மூட்டை மூட்டையாக அச்சடித்து வெளியே போகிறது. தங்கள் சான்றில் 'பொருளின் பெயர்' என்ற இடத்தைத் தட்டச்சு செய்யாமல் கையால்தான் நிரப்புவீர்கள் என்று தெரியும். மாதாமாதம் நிரப்பி, கீழே கையெழுத்திட்டு அனுப்பவும்.

பொருளின் பெயர்: பாப்பா.

இப்படிக்கு,
உரிமையாளர்